மூச்சு முட்டுகிறவரைத் தனியே விடலாமா?

நெஞ்சை அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, இதோ உயிர் போய்விடும். இப்படிச் சொல்லிக்கொண்டு ராமேஸ்வரம் தீவிலும் மண்டபத்திலும் கீழக்கரையிலும் நள்ளிரவில் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு வருகிறவர்கள் உண்டு. ஈசிஜி எடுக்கிறார்கள். இதயத்தில் கோளாறு எதுவும் தெரிவதில்லை. 'ஒன்றுமில்லை, கேஸ் பிடித்திருக்கும்' என்று ஒரு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சில நாட்களில் அதே படபடப்பு மறுபடி வருகிறது. இந்த முறை வீட்டில் யாரும் பதறுவதில்லை. 'போன தடவையே டாக்டர் ஒன்றுமில்லைன்னுட்டாரே' என்கிறார்கள். அவஸ்தைப்படுகிறவர் அந்த நிமிடத்திலிருந்து தனி ஆளாகிவிடுகிறார்.

இதயத்தில் ஒன்றுமில்லை என்பது உண்மை. ஆனால் அவருக்கு ஒன்றுமே இல்லை என்பது உண்மையில்லை. மருத்துவர்கள் பேனிக் அட்டாக் என்று சொல்லும் பீதித் தாக்கம் அது. ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடலைத் தயார்ப்படுத்தும் அட்ரினலின், எதிரே ஆபத்தே இல்லாத வேளையில் பீறிட்டு எழுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு மேலோட்டமாகவும் விரைவாகவும் ஓடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால்தான் விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது, தலை சுற்றுகிறது. அந்த அறிகுறிகளைப் பார்த்தே பயம் இன்னும் கூடுகிறது. பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாகவே வடிகிறது. இதயம் நல்ல நிலையில் உள்ளவரின் உயிரை அது பறிப்பதில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தைக் கடந்தவருக்கு, அது மறுபடி வந்துவிடுமோ என்ற அச்சம் நாள் முழுவதும் கூடவே இருக்கிறது.

இந்த இரண்டாவது அச்சம்தான் வாழ்க்கையைச் சுருக்கிவிடுகிறது. பேருந்தில் பாம்பன் பாலத்தைக் கடக்கும்போது ஒருமுறை மூச்சு முட்டியவர், பாலத்தைக் கடக்கவே அஞ்சுகிறார். தீவில் இருப்பவருக்குப் பாலம் வேண்டாம் என்றால் ராமநாதபுரம் கல்லூரி, மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சம்பந்தி வீட்டுக் கல்யாணம் எல்லாமே வேண்டாம் என்றாகிவிடும். ராமநாதசுவாமி கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தமாட ஈரத்துணியோடு வரிசையில் நெருக்கியடித்து நிற்கும்போது வந்துவிட்டால், பிறகு கோயில் வாசலே அந்நியமாகிறது. எங்கெல்லாம் வந்ததோ அங்கெல்லாம் போகாமல் தவிர்த்துத் தவிர்த்து, கடைசியில் வீட்டின் ஓர் அறையே உலகமாகிப்போனவர்கள் இருக்கிறார்கள்.

இது அரிதான நோயும் அல்ல. 25 நாடுகளில் நடந்த உலக மனநல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வாழ்நாளில் ஒருமுறையாவது பீதித் தாக்கத்தைச் சந்தித்தவர்கள் 100 பேரில் 13 பேர். அடிக்கடி வந்து நோயாக நிலைப்பது 100-க்கு இரண்டு பேருக்கும் குறைவு. நூறு குடும்பங்கள் உள்ள எந்தக் கடலோரக் குப்பத்திலும் இதை அனுபவித்தவர்கள் கட்டாயம் இருப்பார்கள். அவர்கள் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

சொல்லாததற்கும் காரணம் இருக்கிறது. நம் கரையோரத்தில் பயத்துக்கு இடம் இல்லை என்று வளர்த்திருக்கிறோம். கடலுக்குப் போகிறவன் பயப்படலாமா என்று கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் பயப்படுவதற்கு இந்தக் கரைக்கு இருக்கும் காரணங்கள் கொஞ்சமா? 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் வாரிக்கொண்டு போனது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் ஆட்களோடு அலையில் அழிந்தது. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இங்கேதான் இருக்கிறார்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் வயிற்றைப் பிசையும் வீடுகள் இன்றும் உண்டு. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் கோடு கிழித்த கடலில் மீன் தேடிப் போகிறவர்களின் மனைவிமார் நிலையை யோசித்துப் பாருங்கள். கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கி விசைப்படகு புறப்பட்ட இரவு, கைபேசி ஒலிக்கும்போதெல்லாம் 'பிடிச்சிட்டாங்களாம்' என்ற செய்தியாக இருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. படகு போனால் கடன் நிற்கும். ஆள் போனால் எப்போது திரும்புவார் என்று தெரியாது. மண்டபம் முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்கள் குண்டுச் சத்தத்தை நினைவில் சுமந்தபடி இதே கடலைத் தாண்டி வந்தவர்கள்.

இவை எல்லாம் ஒவ்வொருவருக்கும் பீதித் தாக்கத்தைக் கொண்டுவந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. எந்தக் குறையும் இல்லாத வீட்டில், நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் இது வரலாம். ஆனால் இவ்வளவு அச்சத்தோடு வாழும் ஓர் ஊர், பயத்தைப் பேசுவதற்கு ஓர் இடத்தைக்கூட வைத்துக்கொள்ளாமல் இருப்பது நியாயமில்லை.

இடம் இல்லாததால்தான் ஆளுக்கொரு வாசலைத் தேடுகிறார்கள். காற்று கருப்பு பட்டிருக்கும் என்று திருநீறு போட்டுக்கொள்கிறார்கள். ஓதிப் பார்த்து நூல் கட்டுகிறார்கள். பங்குத் தந்தையிடம் ஜெபிக்கச் சொல்கிறார்கள். இதில் யாரையும் பழிப்பதற்கில்லை. மனம் நொந்தவர் முதலில் போவது தன்னை விரட்டாத இடத்துக்குத்தான். தமிழ்நாட்டில் ஒரு கோயிலில் தங்கியிருந்த, கடுமையான மனநோய் கொண்ட 31 பேரைப் பற்றி 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அங்கே அவர்களுக்கென்று விசேஷச் சடங்கு எதுவும் நடக்கவில்லை. பரிவோடு இருக்க இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. பரிவுக்கு இருக்கும் வலிமையை மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது.

பரிவு இல்லாத வாசல் என்ன செய்யும் என்பதையும் இதே மாவட்டம் பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, விடியும் நேரம். ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். ஓட முடியாமல் கருகி இறந்தவர்களும் பின்னர் மருத்துவமனையில் இறந்தவர்களுமாக 28 பேர். அவர்களைக் கொண்டுவந்து விட்டது அவர்களின் சொந்தக் குடும்பங்கள். அன்பு இல்லாமல் விட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. வேறு எங்கே போவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த மாதமே அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவிலும் ஒருவரைச் சங்கிலியில் பிணைக்கக் கூடாது என்று தடை விதித்தது.

பீதித் தாக்கத்துக்கும் ஏர்வாடியில் பிணைக்கப்பட்டவர்களின் நோய்களுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. படபடப்பு வருகிறவர் புத்தி பேதலித்தவர் அல்லர். நாளை அப்படி ஆகிவிடவும் மாட்டார். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஏனென்றால் நம் பகுதியில் 'மனநல டாக்டர்' என்றவுடனே மனதில் எழுவது ஏர்வாடிச் சங்கிலிதான். பெண்ணுக்குப் படபடப்பு என்று மாத்திரை வாங்கினால் வரன் தட்டிப்போகும் என்று தாய் அஞ்சுகிறார். சிறியதாக இருக்கும்போதே சரிசெய்யக்கூடிய ஒரு தொல்லையை, பெரிய நோயின் பெயருக்குப் பயந்து மறைக்கிறோம். அந்தத் தீ 28 உயிர்களோடு நின்றுவிடவில்லை. உதவி கேட்க வேண்டிய பலரின் வாயையும் அடைத்துவிட்டது.

அதே ஏர்வாடியிலிருந்தே நல்ல வழியும் பிறந்தது. அங்குள்ள தர்காவிலேயே மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்கும் ஏற்பாடு வந்தது. குஜராத்தின் உனாவா தர்காவில் 'தவா-துவா' (மருந்தும் வேண்டுதலும்) என்ற பெயரில் முன்பே நடந்த முயற்சிதான் அதற்கு முன்மாதிரி. துவா கேட்க வந்தவரைத் தடுக்கவில்லை. கேட்டுவிட்டு மருந்தும் வாங்கிப் போங்கள் என்றார்கள். நம்பிக்கையும் மருத்துவமும் ஒரே முற்றத்தில் நிற்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. இந்த ஏற்பாடு கடும் மனநோய் உள்ளவர்களோடு நின்றுவிடாமல், படபடப்பும் பயமும் கொண்டு வருகிறவர்களுக்கும் எட்ட வேண்டும். ராமநாதசுவாமி கோயிலிலும், கூட்டம் சேரும் தேவாலயத் திருவிழாக்களிலும் முதலுதவிக்கு நிற்பவர்களுக்கு இதுபற்றி அரை நாள் பயிற்சி போதும். வடக்கிலிருந்து வந்து மொழி தெரியாமல் தவிக்கும் யாத்ரீகருக்கும் அது உதவும்.

என்ன செய்ய வேண்டும்? முதலில், சுற்றி நின்று கத்தாமல் இருக்க வேண்டும். காற்றோட்டமாக உட்காரவைத்து, 'இது படபடப்பு, கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கும், நான் கூடவே இருக்கிறேன்' என்று தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும். ஆழமாக மூச்சை இழு என்று பலர் அவசரப்படுத்துகிறார்கள். ஏற்கெனவே வேகமாக இழுப்பதுதான் தொல்லை. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். கூடவே நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டுக் காட்டினால் அவரும் பின்பற்றுவார். பாதம் தரையில் பதிந்திருப்பதை உணரச் சொல்லலாம், கண்ணெதிரே இருக்கும் பொருட்களின் பெயரைச் சொல்லச் சொல்லலாம். வாயையும் மூக்கையும் பையால் மூடி அதற்குள்ளேயே மூச்சுவிடச் சொல்லும் பழைய வழக்கம் வேண்டாம். உண்மையில் அது மாரடைப்பாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்தால் உயிருக்கே ஆபத்து.

முதல்முறை வருகிற நெஞ்சு வலியைப் 'பேனிக்' என்று நாமே முடிவுகட்டிவிடவும் கூடாது. நடுவயது தாண்டியவர், சர்க்கரை உள்ளவர், வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிறவர் என்றால் உடனே 108. தைராய்டு, ரத்தசோகை, தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்துவது, இவையும் இதே படபடப்பைத் தரும். ஒருமுறை முழுதாகச் சோதித்து, உடலில் வேறு கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகும் தொடர்ந்தால்தான் அது பீதி நோய். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் சிகிச்சையில், அஞ்சி ஒதுக்கிய பாலத்தையும் கூட்டத்தையும் படிப்படியாகத் திரும்பச் சந்திக்கப் பழக்குவார்கள். தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. அது பலன் தரச் சில வாரம் ஆகும், இரண்டு நாளில் நிறுத்திவிடக் கூடாது.

மருந்துக்கடைக்காரர்களிடம் ஒரு வார்த்தை. பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் எச்1 பட்டியலில் உள்ள மருந்து. சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாது. விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். 'தூக்கம் வரலைண்ணே, படபடன்னு வருது' என்று வாடிக்கையாளர் கேட்கும்போது இரக்கப்பட்டுக் கொடுக்கும் அரை மாத்திரை, சில மாதங்களில் அவரை அது இல்லாமல் இருக்க முடியாத நிலைக்குக் கொண்டுபோய்விடும். மறுப்பதோடு நிறுத்தாமல் எங்கே போக வேண்டும் என்று சொல்வதும் உங்கள் கடமை.

போவதற்கு இடம் இருக்கிறதா? முன்பைவிட இருக்கிறது. 2022 ஜனவரியில் ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 10 அன்று டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை தொடங்கியது; 14416 என்ற எண்ணுக்குப் பகலோ இரவோ கட்டணமில்லாமல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இருந்தும் 2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநலச் சிக்கல் உள்ளவர்களில் 100-க்கு 80-க்கும் மேற்பட்டோர் சிகிச்சையே பெறவில்லை என்று காட்டியது. இடத்துக்கும் ஆளுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை அரசு மட்டும் குறைக்க முடியாது, குடும்பம் மட்டும் குறைக்கவும் முடியாது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் சகோதரிகள், 'படபடப்பு வருதா, தூக்கம் வருதா' என்று இன்னொரு கேள்வியும் கேட்கட்டும். பதிலை ரகசியமாக வைத்திருக்கவும் அவர்களுக்குப் பயிற்சி தரட்டும் அரசு. ஈசிஜி எடுத்து அனுப்பும் மருத்துவர், 'ஒன்றுமில்லை' என்பதற்குப் பதில் இரண்டு நிமிடம் ஒதுக்கி இது என்ன என்று விளக்கட்டும். தேர்வு அறையில் மூச்சு முட்டி எழுந்து நிற்கும் மாணவியை நடிக்கிறாள் என்று ஆசிரியர் சொல்லாதிருக்கட்டும். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் இயங்கும் மகளிர் குழுக்கள், மாதக் கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்தபிறகு இதற்கும் கால் மணி நேரம் கொடுக்கட்டும். மனநோய்க்கு உடல் நோயைப் போலவே காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. மறுக்கும் நிறுவனத்திடம் அதைக் கேட்டு வாங்கலாம்.

மீனவர் சங்கங்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை பின்னவும் இன்ஜின் பழுதுபார்க்கவும் செலவழிக்கும் அந்த நாட்களில் ஒரு நாளை, ஒரே ஒரு நாளை, இதற்காக ஒதுக்குங்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரை இறங்குதளத்துக்கே அழையுங்கள். கடலுக்குப் போகிறவர்களோடு, கரையில் காத்திருக்கும் பெண்களையும் முன்வரிசையில் உட்காரவையுங்கள். டோக்கன் கொடுக்கும் இடத்தின் சுவரில் 14416 என்று பெரிதாக எழுதி வையுங்கள்.