வ. கீதாவின் இரண்டு மொழிகள்

வாங்கிய கடனுக்கு ஈடாகப் பையனைப் பண்ணையத்தில் ஆடு மேய்க்க விட்ட காலத்தை கள்ளக்குறிச்சி மாவட்டத்து நைனார்பாளையம் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் இன்றும் சொல்வார்கள். கொங்கு நாட்டில் அப்படி ஆடு மேய்த்த சக்கிலியப் பிள்ளைகளின் கதைதான் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’. அந்நாவல் 2004-இல் ஆங்கிலத்துக்குப் போனது, மறு ஆண்டே கிரியாமா பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது. மொழிபெயர்த்தவர் வ. கீதா.

மொழிபெயர்ப்பு அவர் வேலையில் ஒரு பகுதிதான். 1980களின் பிற்பகுதியிலிருந்து பெண்கள் இயக்கத்தில் நிற்பவர் கீதா. எஸ்.வி. ராஜதுரையுடன் சேர்ந்து 1996-இல் ‘பெரியார்: சுயமரியாதை சமதர்மம்’ நூலைத் தமிழில் தந்தார். இரண்டே ஆண்டில், அயோத்திதாசர் தொடங்கிப் பெரியார் வரையிலான பிராமணரல்லாதார் அரசியலை இருவரும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். தமிழ் வாசகருக்கும் வெளி உலகத்துக்கும் ஒரே அக்கறையோடு பேசிய உழைப்பு அது. பாலியல் வன்முறைக்குப் பிறகு பாதிக்கப்பட்டவர் பேசுவதையும், அரசு அதைக் கேட்க மறுப்பதையும் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 2016-இல் வந்தது.

அந்த நூலின் கேள்வி நமக்கு அந்நியமானதல்ல. நம் கல்வராயன் மலையை ஒட்டிய சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்கள் சொன்னதை நம்ப அன்றைய அரசு தயாராக இல்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராடியதால் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி ஊருக்கே நேரில் வந்து பார்த்தார். 2023-இல் தீர்ப்பு உறுதியானது.

முப்பத்தொரு ஆண்டுகள்! அந்தப் பெண்கள் பேசியது தமிழில். உயர் நீதிமன்றம் எழுதுவதோ ஆங்கிலத்தில். தமிழையும் அங்கே வழக்காடு மொழியாக்கச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் போட்டும் இன்னும் நடக்கவில்லை. அது நடந்தாக வேண்டும். அதுவரை மலையின் குரலைச் சிதைக்காமல் அங்கே கொண்டுசேர்க்க, இரண்டு மொழியிலும் எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும். அவர்கள் மலைப் பிள்ளைகளாகவே இருந்தால் இன்னும் நல்லது.

கல்வராயன் மலைப் பள்ளிகளில் மேல்நிலை மாணவர்களுக்கு ஆங்கிலம் என்றால் மனப்பாடக் கட்டுரைதான் என்றிருப்பது போதாது. பாட்டியிடம் நிலத்தின் கதையைக் கேட்டு அவர் பேச்சிலேயே எழுதட்டும். பிறகு அதையே பட்டா கேட்கும் மனுவாக ஆங்கிலத்தில் எழுதிப் பழகட்டும். கள்ளக்குறிச்சி புத்தகத் திருவிழாவுக்குக் கீதாவை அழைத்து, அந்தப் பிள்ளைகளோடு ஒரு நாள் உட்காரவைக்க மாவட்ட நிர்வாகம் முன்வரலாம்.