கைவிடப்பட்ட வண்டிகளும் கைவிடாத மனிதரும்

1939 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெயின் மாநிலத்தில் ஒரு விசித்திரமான விற்பனை நடைபெற்றது. பிடிபோர்ட், சாக்கோ என்னும் இரு சிறு நகரங்களில் ஓடிக்கொண்டிருந்த மின்சார டிராம் சேவையை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக பஸ்களை ஓட்டுவதென அதன் நிருவாகத்தினர் தீர்மானித்தனர். வண்டிகள் பழைய இரும்பாகப் போகவேண்டிய வேளையில், இளைஞர் சிலர் ஒன்றுகூடி 31 ஆம் இலக்க வண்டியை 150 டொலர் கொடுத்து வாங்கினர். 1900 ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரின் பிறில் கம்பனியார் கட்டிய, பக்கச் சுவர்களில்லாத கோடைகால வண்டி அது. வாங்கியவர்களிடம் அதனை ஓட்டுவதற்குத் தண்டவாளம் இல்லை, மின்சாரம் இல்லை, மழைக்கு ஒதுக்கி வைக்க ஒரு கொட்டிலும் இல்லை. கண்டவர்க்கு அஃது ஒரு பைத்தியக்காரச் செயலாகத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை.

ஆயினும், அந்த ஒரு வண்டியிலிருந்தே கென்னபங்க்போர்ட் என்னும் ஊரிலுள்ள சீஷோர் டிராலி மியூசியம் தோன்றிற்று. மின்சாரப் பாதை வண்டிகளைப் பேணும் நூதனசாலைகளுள் உலகிலேயே மூத்ததும் பெரியதும் எனப் பெயர் பெற்ற அந்நிலையத்தில் இன்று பல நாடுகளைச் சேர்ந்த 250க்கும் மேற்பட்ட வண்டிகள் உள்ளன. 31 ஆம் இலக்க வண்டியும் அவற்றுள் ஒன்றாய் நிற்கின்றது. இதனைக் கட்டியெழுப்பியவர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். வாரநாட்களில் தத்தம் தொழிலைப் பார்த்துவிட்டு, ஓய்வுநாட்களை உக்கிய மரத்தோடும் துருப்பிடித்த இரும்போடும் கழித்தவர்கள். அவர்களையும், அவர்களைப்போல் வேறிடங்களில் உழைப்போரையும் பற்றி இவ்வாரம் சிறிது சிந்திப்போம்.

முதலில் இவ்வண்டிகளின் வரலாற்றைச் சுருக்கமாய் அறிந்துகொள்ளல் நன்று. 1888 ஆம் ஆண்டில் வேர்ஜினியா மாநிலத்து றிச்மண்ட் நகரில் பிராங்க் ஸ்பிரேக் என்னும் பொறியியலாளர், ஒரு நகரத்துக்கே போதிய அளவில் மின்சார டிராம்களை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அதன்பின் குதிரைகள் இழுத்த டிராம்கள் உலகின் பல நகரங்களிலும் மின்சாரத்துக்கு இடங்கொடுத்து மறைந்தன. நம் கொழும்பு வீதிகளிலும் 1960 ஆம் ஆண்டு வரை மின்சார டிராம்கள் ஓடியதை முதியோர் அறிவர். அமெரிக்காவிலோ டிராம் நகரெல்லையைக் கடந்து, ஊருக்கும் ஊருக்கும் இடையே விரைந்தோடும் பெரிய வண்டியாக வளர்ந்தது. 1916 ஆம் ஆண்டளவில் இத்தகைய ஊரிடைப் பாதைகள் அந்நாட்டில் ஏறத்தாழ 15,500 மைல் நீளத்துக்குப் பரந்திருந்தன.

வளர்ந்த வேகத்திலேயே அவை வீழ்ந்தன. மோட்டார் வண்டிகள் பெருகின. செப்பனிட்ட வீதிகள் எங்கும் நீண்டன. 1929 ஆம் ஆண்டின் பின் வந்த பொருளாதார மந்தம் எஞ்சிய கம்பனிகளையும் ஒன்றன்பின் ஒன்றாய் முறித்தது. மரவண்டிகள் பலவற்றைத் தீயிட்டுக் கொளுத்தி, சாம்பலிற் கிடந்த உலோகத்தைப் பொறுக்கி விற்றனர். சில வண்டிகளின் உடல்கள் மட்டும் சக்கரம் நீக்கப்பட்டு, உணவுக்கடையாகவும் கோடைகாலக் குடிசையாகவும் கோழிக்கூடாகவும் எஞ்சின. பிற்காலத்தில் தொண்டர்கள் மீட்டவற்றுட் பல இத்தகையனவே.

மெயின் மாநில இளைஞர்களின் பைத்தியம் பிற இடங்களையும் பற்றிக்கொண்டது. 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகர டிராம்களுக்கு விடைகூறச் சென்ற அன்பர்கள், 45 ஆம் இலக்க வண்டியைப் பத்துப் பவுணுக்கு வாங்கினர். அதன் வழியாக 1955 இல் ஒரு சங்கமும், 1959 முதல் டார்பிசயர்ப் பகுதியிலுள்ள கிறைச் என்னும் கிராமத்துக் கற்குழியில் ஒரு நூதனசாலையும் உருவாயின. 1964 இல் அங்கே மின்சார டிராம்கள் ஓடத் தொடங்கின. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலோ 1953 இல் பத்துப் பேர் தலைக்கு நூறு டொலர் போட்டு ஒரே ஒரு வண்டியை வாங்கினர். அது 1931 இல் இந்தியானா மாநிலப் பாதைக்கென, பாரங் குறைய அலுமினிய உடலோடு கட்டப்பட்ட 65 ஆம் இலக்க வண்டி. இந்தியானாச் சேவை 1941 இல் நின்றபின் ஐயோவா மாநிலத்தில் மேலும் பன்னிரண்டு ஆண்டு உழைத்து ஓய்ந்தது. இன்றைய இலினோய் ரயில்வே மியூசியத்துக்கு அதுவே வித்து.

வித்து முளைத்ததும் நிலம் வேண்டுமன்றோ? முதலில் ஓர் உலோக வார்ப்புத் தொழிற்சாலையின் முற்றத்திலே நின்ற அவர்களது வண்டிகள், 1964 இல் யூனியன் என்னும் சிற்றூருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே முன்னொரு காலத்தில் மின்சார வண்டி சென்ற வழியிருந்தது; 1930 இல் சேவை நின்று தண்டவாளமும் பெயர்க்கப்பட்டபின் வெறும் நிலமே மிஞ்சியிருந்தது. தொண்டர்கள் அவ்வழியிலே மீண்டும் சிலிப்பர்க் கட்டைகளைப் பரப்பித் தண்டவாளம் பூட்டினர். கம்பம் நட்டு மின்கம்பி இழுத்தனர். 1966 இல் பொதுமக்களை ஏற்றிக்கொண்டு வண்டி ஓடிற்று.

இனி, ஒரு பழைய வண்டியை மீட்டெடுத்தல் எத்தகைய வேலை என்பதைப் பார்ப்போம். வெளியே புதுநிறம் பூசிவிட்டால் போதுமென எண்ணுதல் கூடாது. வண்டியின் இருபுறத்தும் அடியில் நெடுகச் செல்லும் தாங்குமரங்களே அதன் முதுகெலும்பு. கூரையிலிருந்து வடிந்த நீர் சுவரினுள்ளே இறங்கிப் பல்லாண்டு தேங்கி, அம்மரங்களை உக்கச் செய்திருக்கும். ஆகவே, பலகைகளைக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, உக்கிய பகுதியை வெட்டியகற்றி, அதே இன மரத்தில் அதே வடிவில் புதுத் துண்டைப் பொருத்துகின்றனர். கூரைப்பலகையின்மேல் நிறப்பூச்சைத் தடிப்பாய்த் தடவி, அதன்மீது கித்தானை இறுக விரித்து ஆணியடித்து, மறுபடியும் பூசுகின்றனர். சுவரிற் பழைய பூச்சை ஒவ்வொரு படையாய்ச் சுரண்டும்பொழுது, அடியில் முதன்முதலிற் பூசிய நிறமும், மறைந்துபோன எழுத்துக்களும் வெளிப்படும். அவற்றை அளந்து படியெடுத்தே புதிய எழுத்துக்களை எழுதுகின்றனர்.

பௌதிகம் பயிலும் மாணவர்க்கு இயந்திரப் பகுதியே சுவை மிக்கது. இவ்வண்டிகளுட் பெரும்பாலானவை 600 வோல்ற் அளவிலான நேர்மின்னோட்டத்தால் ஓடுபவை. நின்ற நிலையிலுள்ள மோட்டருக்கு அம்மின்னழுத்தம் முழுவதையும் ஒரேயடியாய்க் கொடுத்தால், அளவு கடந்த மின்னோட்டம் பாய்ந்து சுருள்கள் கருகிவிடும். ஆதலால் சாரதி தன் முன்னுள்ள கைப்பிடியைப் படிப்படியாய்த் திருப்புகின்றார். முதற்படியில் மோட்டர்கள் தொடராய் இணைந்திருக்கும். அவற்றோடு இரும்பாலான தடைகளும் சேர்ந்திருக்கும். வேகம் ஏற ஏறத் தடைகள் ஒவ்வொன்றாய் விலகும். பின்னர் மோட்டர்கள் சமாந்தரமாய் இணைக்கப்பட்டு, வண்டி முழு வேகம் பெறும். வகுப்பறைக் கரும்பலகையில் நாம் வரையும் தொடரிணைப்பும் சமாந்தர இணைப்பும் ஒரு வண்டி நிறைந்த மக்களைச் சுமந்து செல்லும் காட்சி அது.

அம்மோட்டரின் உள்ளே செப்புத் துண்டுகளாலான திசைமாற்றி ஒன்று சுழல்கின்றது. துண்டுகளுக்கிடையே மெல்லிய மைக்காத் தகடு காவலியாய் நிற்கும். மேலே கரித்தூரிகைகள் உரசிச் செல்லும். செம்பு தேயத் தேய மைக்கா மேலே துருத்தி, தூரிகையைத் துள்ளச் செய்யும், பொறி பறக்கும். எனவே திசைமாற்றியைக் கடைசற்பொறியில் இட்டுக் கடைந்து, ஒவ்வோர் இடுக்கிலும் மைக்காவைச் செம்பின் மட்டத்துக்குக் கீழே சுரண்டியெடுக்க வேண்டும். பழைய சுருள்களின் காவலித் துணி பொடிந்திருந்தால் அதனைக் களைந்து, புதிதாய்ச் சுற்றி, வார்னிசில் தோய்த்துச் சூளையில் உலர்த்தவேண்டும். அச்சுத்தாங்கிகளில் வெள்ளைநிறக் கலப்புலோகத்தை உருக்கி வார்த்து, அச்சுக்கு இசையுமாறு சீவவேண்டும். எங்கும் கிடைக்காத உறுப்பாயின், மரத்தில் மாதிரி செதுக்கி வார்ப்புச் செய்வித்தலே வழி. இவற்றுள் எதிலும் அலட்சியத்துக்கு இடமில்லை. முடிவில் அவ்வண்டியில் ஏறப்போகிறவர் குழந்தையும் தாயுமன்றோ!

இவ்வேலையை யார் கற்பித்தார்? தொடக்க காலத்தில் டிராம் கம்பனிகளிலிருந்து இளைப்பாறிய தொழிலாளர் உயிரோடிருந்தனர். எவ்வளவு இறுக்கவேண்டும், எந்த ஓசை நல்லது, எந்த மணம் ஆபத்தின் அறிகுறி என்பனவற்றை அருகே நின்று காட்டியவர் அவர்கள். கம்பனிகளின் கைநூல்கள் உள்ளன, வரைபடங்களும் உள்ளன. ஆயினும் உருகிய உலோகத்தை எந்தக் கணத்தில் ஊற்றுவது என்பதை நூல் பாதியே சொல்லும். மீதியைக் கை அறியவேண்டும். அத்தொழிலாளர் காலஞ்சென்றுவிட்டனர். அவர்களிடம் கற்ற இளைஞர்களும் முதுமையடைந்தனர், பலர் மறைந்தனர். அவர்களிடமிருந்து அடுத்த தலைமுறை கற்காவிடில், வண்டிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த வண்ணத்துப்பூச்சி போல் அழகாய் நிற்கும், ஓடா. இப்பணியின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

இதற்கு மாறாய் இரண்டு வினாக்களை எழுப்புவோர் உளர். மரத்தை மாற்றி, கூரையை மாற்றி, சுருளையும் மாற்றிய பின்னர் அது பழைய வண்டிதானா என்பது ஒன்று. நியாயமான வினாவே. அதனாற்றான் பொறுப்புள்ள தொண்டர்கள் திருத்தத்தக்க பழைய பகுதியை மாற்றாது திருத்துகின்றனர். மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கின்றனர். வறுமை நிறைந்த உலகில் இத்துணைப் பொருளும் உழைப்பும் பழைய வண்டிக்கு வேண்டுமா என்பது மற்றொன்று. தம் ஓய்வுநேரத்தைச் சீட்டாட்டத்திற் கழிப்பவரை நாம் இவ்வாறு கேட்பதில்லை. அதனினும் மேலாய், பாட்டன் பயணஞ் செய்த வண்டியிலே பேரன் ஏறி, அதே மணியோசையைக் கேட்டு, அதே ஆட்டத்தை உணர்தல், நூலின் பக்கங்களிலிருந்து மட்டும் பெறக்கூடிய வரலாறன்று.

ஆனால் எல்லா வண்டிகளையும் காத்தல் இயலாது. ஒரு வண்டியைத் திருத்தப் பல ஆண்டுகள் செல்லலாம். அதற்குள் வெளியே மழையிலும் பனியிலும் முறை காத்து நிற்கும் வண்டிகள் மேலும் உக்குகின்றன. ஆர்வத்தால் அளவின்றிச் சேர்த்துவிட்டுக் கூரையிட முடியாது தவித்த நிலையங்கள் உண்டு. ஒன்றை ஓட்டுவதற்காக மற்றொன்றைப் பிரித்து உறுப்பெடுக்கவேண்டிய கொடிய தீர்மானத்தையும் இவர்கள் செய்யவேண்டியிருக்கிறது. எதனைக் காப்பது, எதனை விடுவது என்று தெரிந்தெடுக்கும் துணிவும் அன்பின் ஒரு பகுதியே.

இதனை வாசிக்கும் பெற்றோருக்கும் மாணவருக்கும் ஒன்று கூறுவேன். கல்வி கற்றவன் கையில் எண்ணெய் படலாகாது என்னும் ஓர் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. பரீட்சையிற் சித்தியெய்திய மகன் உளியைத் தொட்டால் தாய் வருந்துகிறாள். அங்கோ அலுவலகத்திற் பணிபுரிபவரும் ஆசிரியரும் பொறியியலாளரும் சனிக்கிழமையில் தச்சரிடமும் கொல்லரிடமும் மாணவராய் நிற்கின்றனர். ஊர்கூடித் தேர் இழுப்பது நம்மவர் அறிந்த வழக்கந்தான். ஆனால் தேர் ஓடவேண்டுமாயின், அதன் அச்சைச் செதுக்கவும் சில்லைப் பூட்டவும் அறிந்த கைகள் ஊரில் இருக்கவேண்டும். வடத்தைப் பிடிக்க ஆயிரம் பேர் வருவர். அச்சைச் செதுக்க எத்தனை பேர் வருவர்?

உங்கள் ஊரில் முதிய தச்சரோ, கொல்லரோ, மணிக்கூடு திருத்துபவரோ இருப்பார். வருகிற விடுமுறையில் ஒருநாள் அவரது பட்டறைக்குச் செல்லுங்கள். அவர் செய்வதைப் பார்த்திருங்கள். ஏன் அப்படிச் செய்கிறாரென்று கேளுங்கள். அவர் அனுமதித்தால் கருவியை ஒருமுறை உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள்.