வண்ணத்தாளோடு முடிந்துவிடலாமா ஞாயிறு பள்ளி?

இடைநிலைப் பள்ளியிலோ கல்லூரியிலோ படித்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பாலர் வகுப்பு நடத்தும் இளையோர் நம்மிடையே பலர் இருக்கிறோம். பெரியவர்கள் ஆராதனையில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம், நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகள் நம் பொறுப்பில் இருக்கிறார்கள். பயிற்சி குறைவு, தயாரிக்க நேரமும் குறைவு. அதனால் சனிக்கிழமை இரவு ஒரு படத்தை அச்சடித்து, மறுநாள் வண்ணப் பென்சில்களோடு பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு ஞாயிறன்று நோவாவின் பேழைப் படத்தைக் கொடுத்தேன். வகுப்பு அமைதியாக இருந்தது. முடிவில் ஒரு சிறுமியிடம், "இன்னைக்கு என்ன கதைம்மா?" என்று கேட்டேன். "யானைக்குப் பர்ப்பிள் கலர் அடிச்சேன் அக்கா," என்றாள். அவள் மேல் குற்றமில்லை. நான் கொடுத்த வேலை அதுதானே!

வண்ணம் தீட்டுவது தவறு என்பது என் வாதமன்று. பிள்ளைகளை அமைதியாக உட்கார வைக்கும் வேலை வேறு. கதையைக் கற்பிக்கும் விளையாட்டு வேறு. பாலர் வகுப்பில் விளையாட்டு என்பது பாடம் முடிந்தபின் கொடுக்கும் மிட்டாய் அல்ல, அதுவே பாடம். ஆகவே, அது கதைக்குள்ளிருந்து பிறக்க வேண்டும்.

எரிகோ கோட்டையின் கதையை எடுத்துக்கொள்வோம். மக்கள் ஆறு நாள்கள் தினமும் ஒருமுறை கோட்டையைச் சுற்றினார்கள். ஏழாம் நாள் ஏழுமுறை சுற்றினார்கள். கட்டளை வரும்வரை யாரும் சத்தமிடக் கூடாது. காலிப் பால் பெட்டிகளை அடுக்கிச் சுவராக வைத்தால் போதும். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே சுற்றுவார்கள். கடைசிச் சுற்று முடிந்ததும் ஒன்றாகக் கத்திச் சுவரைத் தள்ளிவிடலாம். இதை விளையாடியபோது, பேசத் தொடங்கிய நண்பனைப் பார்த்து ஒரு சிறுவன், "சத்தம் போடாதே, சுவரு இன்னும் விழல," என்றான். 'அமைதி' என்று நான் பத்துமுறை சொல்லியும் நடக்காதது அன்று தானாகவே நடந்தது.

ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கதைக்கு ஒரு கூடையும் சில ரொட்டித் துண்டுகளும் போதும். தன் கையிலுள்ளதைப் பிட்டுப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுப்பது நான்கு வயதில் எளிதன்று. அந்தத் தயக்கத்தை வெல்வதுதான் அன்றைய பாடம். உணவு கொடுக்குமுன் ஒவ்வாமை உண்டா என்று பெற்றோரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விளையாட்டு கதைக்கு எதிராகவும் போய்விடலாம். காணாமற்போன ஆட்டின் கதைக்காகப் பஞ்சு ஆடு ஒன்றை ஒளித்துவைத்து, முதலில் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று அறிவித்தால் ஒரு பிள்ளை சிரிக்கும். மற்றப் பிள்ளைகள் அழும். ஆனால் அந்தக் கதை வென்றவரைப் பற்றியதன்று. தொண்ணூற்றொன்பது ஆடுகள் இருந்தும், தொலைந்த ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனைப் பற்றியது. எல்லாரும் சேர்ந்து தேடி, கிடைத்ததும் எல்லாரும் சேர்ந்து கைதட்டினால்தான் கதை நிற்கும்.

"விளையாடிக்கொண்டே இருந்தால் வேதம் படிப்பது எப்போது?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. இயேசுவே விதை, ஆடு, காசு, விளக்கு என்று மக்களின் கைக்கெட்டிய பொருள்களைக் கொண்டுதானே கற்பித்தார்! பெரியவர்களுக்கே அது தேவைப்பட்டது என்றால், பாலர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

இன்னொரு காரணமும் உண்டு. நம் பிள்ளைகள் பலருக்கு வீட்டிலேயே தமிழ் குறைந்து வருகிறது. அதனால் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவதே எளிது என்று நினைக்கிறோம். ஆனால் சுற்று, நில், தேடு, பிட்டுக் கொடு போன்ற சொற்களை உடலால் செய்து பழகும் பிள்ளைக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். பேழை என்பது கடினமான சொல்தான். பெரிய அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்து மழைச் சத்தம் எழுப்பிய பிள்ளைக்கு அது கடினமன்று. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் நடத்திய ஞாயிறு பள்ளி, வாரம் முழுதும் உழைத்த ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது. மொழியைக் கற்பிப்பது ஞாயிறு பள்ளிக்குப் புதிய வேலையன்று.

இதற்குப் பெரிய செலவு இல்லை. பழைய பெட்டி, துணி, பஞ்சு போதும். விழுங்கிவிடக்கூடிய மணிகளையும் சிறு பொருள்களையும் தவிர்ப்போம். ஒரே விளையாட்டை நீட்டாமல், பிள்ளைகள் சலிப்பதற்குள் அடுத்ததற்குப் போவோம். முடிவில், கதையை அவர்களையே சொல்லச் சொல்லிக் கேட்போம்.

தோழர்களே, கோயில்களில் சமய வகுப்பு நடத்தும் நண்பர்களுக்கும் இது பொருந்தும். வரும் வாரம் அச்சுப்பொறியை இயக்குமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் தாளை எடுத்துவிட்டால், பிள்ளையின் கையில் கதை மிஞ்சுமா?