நிறைகோலில் ஏறும் தமிழ்!

வெளியூர் செல்லும் தமிழர் கோயில் பார்க்கின்றனர், கடற்கரை பார்க்கின்றனர், துணியும் தின்பண்டமும் வாங்கிப் பை நிரப்பித் திரும்புகின்றனர். அவ்வூர்ப் பழம்பொத்தகக் கடைக்குள் நுழைந்து பார்ப்பவரோ மிக அரியர். தமிழ் இன்று பெற்றிருக்கும் பெருஞ்செல்வத்தில் ஒரு கூறு, ஊர் ஊராய் அலைந்து ஏடு தேடியவர்தம் கால்கள் ஈட்டித் தந்தது என்பதை இவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

உ. வே. சாமிநாதர் ஓலைச்சுவடி தேடி ஊர்தோறும் சென்றார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் உண்டெனக் கேட்டு விரைந்தபோது, பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டனர் என்னும் விடையே அவருக்குக் கிடைத்தது. அக்கொடுமையை அவரே எழுதி வைத்துச் சென்றுள்ளார். அத்தீயில் வெந்த நூல்கள் எவை என்று இனி எவரும் அறிய இயலாது.

அன்று ஓலைக்குத் தீ; இன்று தாளுக்கு நிறைகோல்! நூல் விரும்பிய முதியவர் ஒருவர் மறைந்தால், ஆண்டு திரும்புமுன் அவர் பேழை வெறுமையாகின்றது. செய்தித்தாளோடு செய்தித்தாளாய் அவர் நூல்களும் எடைக்குப் போகின்றன. விலைபோகும் என்று தோன்றியவற்றைப் பழந்தாள் வாணிகர் பிரித்தெடுத்துப் பொத்தகக் கடைக்குத் தருகின்றார். எஞ்சியவை ஆலைக்குச் சென்று கூழாகின்றன. அங்ஙனம் கூழாகின்றவை எவை? மாநாட்டு மலர்கள், சிற்றூர்த் தமிழ் மன்றங்களின் வெளியீடுகள், சில திங்களே வாழ்ந்து நின்ற இதழ்கள், துண்டறிக்கைகள். பெருநூல்கள் மறுபதிப்புப் பெறும், இவை பெறா. இவை அழிந்தால், மொழிக்காக உழைத்த எளியவர்தம் வரலாறே அழிந்தது என்க.

சென்னை நடுவண் தொடர்வண்டி நிலையத்தை அடுத்து, 1900இல் திறக்கப்பெற்ற மூர் அங்காடி இருந்தது. வண்டி விட்டிறங்கிய நூலன்பர்க்கு அதன் பழம்பொத்தகக் கடைகள் கூப்பிடு தொலைவே. 1985 மே 30ஆம் நாள் அவ்வங்காடி எரிந்தது. அதற்கு முன்னரே அக்கடைகளில் தேடித் தேடி நூல்களையும் இதழ்களையும் திரட்டியவர், கோட்டையூர் உரோசா முத்தையா என்னும் விளம்பரப் பலகை ஓவியர். பட்டமும் பதவியும் இல்லாத ஒருவர் செய்த பெருந்தொண்டு அது! 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிதறாமல் விலைகொடுத்து வாங்கியது, அமெரிக்க நாட்டுச் சிக்காகோப் பல்கலைக்கழகம். 1994இல் அது சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாயிற்று. வாங்கிக் காத்தவர்க்கு நன்றி உரியது. தமிழ்நாட்டில் அதற்கு ஒரு கை நீளவில்லையே என்னும் நாணமோ தமிழர்க்கு உரியது.

மறைமலையடிகளார் வாழ்நாளெல்லாம் ஈட்டிய ஏறத்தாழ 4,000 நூல்கள் சிதறவில்லை. அடிகளார் 1950இல் மறைந்தார். 1958இல் அவை அவர் பெயராலேயே சென்னையில் பொது நூல்நிலையமாயின. தேடுதல் பாதித் தொண்டு. தேடியதைப் பிறர்க்கு உரிமையாக்குதல் மறுபாதி என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. தேடித் தொகுத்து வீட்டில் பூட்டி வைப்பவரும், தம் காலத்திற்குப் பின் அந்நூல்களை நிறைகோலுக்கே அனுப்புகின்றார்.

ஆகலின், தமிழன்பர் எவ்வூர் சென்றாலும் அவ்வூர்ப் பழம்பொத்தகக் கடையை உசாவி அறிக. அட்டை கிழிந்ததென்று எந்நூலையும் தள்ளற்க; பதிப்பாண்டையும் அச்சகத்தையும் முதலில் நோக்குக. முன்பக்கத்தில் பழைய உரிமையாளர் பெயரும் ஊரும் இருப்பின் அழிக்கற்க; அதுவும் வரலாறே. கடைக்காரரிடம் அரை உருவாவுக்கு வழக்காடற்க. ஆலைக்குப் போக இருந்ததை மீட்டு வைத்தவர் அவர். இரண்டு படி கிடைப்பின் ஒன்றை நூலகத்திற்கு ஈக. தமக்குப்பின் தம் நூல்கள் எந்நூலகம் சேர வேண்டும் என்பதை வாழும்போதே எழுதி வைக்க.

அடுத்த முறை வெளியூர் புறப்படும் தமிழர் பையில் ஒரு முழ இடம் வெறுமையாய் இருக்கட்டும்!