சுயேச்சைப் பத்திரிகையா, கம்பெனிகளின் கண்ணாடி அலமாரியா?

தேர்தல் வந்தால் "எனக்கு எந்தக் கட்சியும் கிடையாது, நான் சுயேச்சை" என்று சொல்லிக்கொண்டு சிலர் நிற்பார்கள். நோட்டீஸ் அடித்த பணம் யாருடையது, காருக்குப் பெட்ரோல் போட்டது யார் என்று விசாரித்தால், கணக்கு ஒரு பெரிய பண்ணை வீட்டில் போய் முடியும். லண்டன், பாரிஸ், நியூயார்க் நகரங்களில் "சுயேச்சை ஃபாஷன் பத்திரிகைகள்" என்று ஒரு வகை உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றின் சுயேச்சையும் இந்த ரகம்தான் என்று நாம் சொல்கிறோம். ஆதாரத்தோடு சொல்கிறோம்.

"பஞ்சாலைத் தொழிலாளிக்கும் வயற்காட்டுக் கூலிக்கும் ஃபாஷன் பத்திரிகையோடு என்ன சம்பந்தம்?" என்று சில தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அந்தப் பத்திரிகைகள் அலங்கரித்துக் காட்டும் ஒவ்வொரு துணியிலும் பஞ்சு எடுத்தவர், நூல் நூற்றவர், தைத்தவர் உழைப்பு இருக்கிறது. அதோடு, தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் இன்று திருப்பூரிலும் சென்னையிலும் ஃபாஷன் படிப்புப் படிக்கிறார்கள். கடன் வாங்கிப் படிக்க வைக்கிறோம். படித்து முடித்ததும் அவர்கள் காதில் விழப்போகும் உபதேசம் ஒன்று உண்டு: "முதலில் சம்பளம் கேட்காதே. வேலை செய். பெயர் வரும்." இந்த உபதேசம் எங்கே விளைந்தது, அதனால் லாபம் அடைபவர் யார் என்பதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பிறந்த கதை

உள்ளதை உள்ளபடி சொல்வோம். இந்தப் பத்திரிகைகளில் சில நல்ல வயிற்றில் பிறந்தவைதான். 1980-இல் லண்டனில் டெர்ரி ஜோன்ஸ் என்பவர் 'ஐ-டி' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அவர் 'வோக்' என்ற பெரிய ஃபாஷன் பத்திரிகையின் பிரிட்டிஷ் பதிப்பில் கலைப் பொறுப்பில் இருந்து விலகியவர். பெரிய அச்சகம் இல்லை, முதலாளி இல்லை. கையால் பின் அடித்துக் கட்டிய தாள்கள்தான். தெருவில் போகும் வாலிபர்களைச் சுவர் ஓரமாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். பழைய துணியைக் கிழித்துத் தைத்துத் தாங்களே உடை செய்துகொண்ட சாதாரணப் பிள்ளைகள் அதில் இடம் பெற்றார்கள். சீமாட்டிகளின் உடையைத்தான் உலகம் பார்க்க வேண்டும் என்ற சட்டத்தை அது மீறியது. அதே ஆண்டில் நிக் லோகன் என்பவர் தொடங்கிய 'தி ஃபேஸ்' பத்திரிகையும் சொந்தச் சேமிப்பில் பிறந்ததே.

பிறகு என்ன நடந்தது? 'தி ஃபேஸ்' 1999-இல் எமாப் என்ற பெரிய பிரசுரக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. 2004-இல் அது மூடப்பட்டது. 2019-இல் வேறு ஒரு கம்பெனி அதே பெயரை எடுத்து மறுபடி நடத்தத் தொடங்கியது. 'ஐ-டி' 2012-இல் வைஸ் மீடியா கம்பெனியின் கைக்குப் போனது. அந்தக் கம்பெனி 2023-இல் திவால் மனு போட்டது. அதே ஆண்டு இறுதியில் 'ஐ-டி'யை வாங்கியவர் யார்? கார்லி கிளாஸ் என்ற கோடீசுவர மாடல் அழகியின் கம்பெனி! தெருப் பிள்ளையின் சுவரில் தொடங்கிய பயணம், தெருவிலிருந்து பறித்த பெயரைச் சந்தையில் விற்பதில் முடிந்தது. ஓர் ஆள் கெட்டவராகிவிட்டார் என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. காகிதத்துக்கும் அச்சுக்கும் பணம் யாரிடமிருந்து வருகிறதோ, அவரிடம் பத்திரிகை போய்ச் சேரும். இதுதான் அதன் விதி.

விளம்பரம் தருபவரே ஆசிரியர்

இத்தகைய பத்திரிகை ஒன்றின் விலை நம் நாட்டு விவசாயக் கூலியின் இரண்டு மூன்று நாள் கூலியை விழுங்கிவிடும். அப்படியிருந்தும் விற்பனைக் காசில் அது நடப்பதில்லை. முன்பக்கங்களில் வரிசையாக வரும் கைப்பை, வாசனைத் தைலம், கைக்கடிகாரக் கம்பெனிகளின் விளம்பரக் காசில்தான் நடக்கிறது.

விளம்பரம் விளம்பரமாகவே இருந்தால்கூடப் போகட்டும். நடுப்பக்கங்களில் "இது எங்கள் சுதந்திரக் கற்பனை" என்று வரும் படங்களைப் பாருங்கள். அந்த உடைகள் கம்பெனி இரவல் கொடுத்தவை. பட்டுப்புடவை இரவல் கொடுத்தவள் மணையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அலைந்த கதை நமக்குத் தெரியும். இந்தக் கம்பெனிகள் மணையோடு நிபந்தனையையும் தூக்கி வருகின்றன. தலை முதல் கால் வரை தங்கள் உடை மட்டுமே இருக்க வேண்டும், வேறு கம்பெனியின் துணியைக் கலக்கக் கூடாது என்பது பல கம்பெனிகளின் கட்டளை. எந்தப் பக்கத்தில் தங்கள் பெயர் எத்தனை முறை அச்சானது என்று எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் அடுத்த இதழுக்கு விளம்பரம் குறையும். வாசகர் கையில் இருப்பது விலை கொடுத்து வாங்கிய விளம்பரத் தாள்!

இது நம் கற்பனை அல்ல. 2017-இல் இந்தக் குட்டு உள்ளிருந்தே வெளிப்பட்டது. பிரிட்டிஷ் 'வோக்'கில் 36 வருஷம் வேலை பார்த்த லூசிண்டா சேம்பர்ஸ் அம்மையார் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். நீக்கிய பேச்சு 3 நிமிஷத்தில் முடிந்தது என்று அவரே சொன்னார். விளம்பரமே வாங்காத 'வெஸ்டோய்' என்ற சிறு பத்திரிகைக்கு அவர் பேட்டி கொடுத்தார். தாம் வருஷக்கணக்காக 'வோக்' படிப்பதில்லை என்றார். மைக்கேல் கோர்ஸ் கம்பெனியின் பனியனைப் போட்டு எடுத்த ஒரு அட்டைப்படம் மட்டமானது என்றும், அந்தக் கம்பெனி பெரிய விளம்பரதாரர் என்பதால்தான் அதைச் செய்ய வேண்டியிருந்தது என்றும் உடைத்துப் பேசினார். உடனே என்ன ஆயிற்று? 'வோக்'கின் சொந்தக்காரரான கோண்டே நாஸ்ட் கம்பெனியின் வக்கீல்கள் பேசினார்கள். பேட்டியின் சில வாசகங்கள் திருத்தப்பட்டன.

கவனியுங்கள். உண்மையை அச்சிட முடிந்தது விளம்பரம் வாங்காத பத்திரிகைக்கு மட்டுமே. அதன் வாயையும் வக்கீல் நோட்டீஸ் பாதி மூடியது.

எல்.வி.எம்.எச். என்ற பிரெஞ்சு ஏகபோகத்தைப் பாருங்கள். லூயி வுய்ட்டன், டியோர் முதலிய பெயர்கள் அதன் கையில் இருக்கின்றன. 2012-இல் பாரிஸின் 'லிபெராசியோன்' நாளிதழ் அதன் முதலாளி பெர்னார் அர்னோவைத் தலைப்பில் தாக்கியது. அந்தக் கம்பெனி தன் விளம்பரத்தை நிறுத்திக்கொண்டது. 2024-இல் வெளிவந்த ஒரு ரகசியச் சுற்றறிக்கையில், 7 பத்திரிகைகளுடன் எந்த அதிகாரியும் பேசக் கூடாது என்று அதே முதலாளி கட்டளை இட்டிருந்தது தெரிய வந்தது. 'மிஸ் ட்வீட்', 'கிளிட்ஸ்' போன்ற, இந்தத் தொழிலின் உள்விவகாரங்களைத் துருவி எழுதும் சிறு பத்திரிகைகள் அந்தப் பட்டியலில் இருந்தன. உண்மையான சுயேச்சைக்குக் கிடைக்கும் பரிசு இது. கம்பெனியின் கைப்பையை அட்டையில் போடும் "சுயேச்சை"க்கோ முன்வரிசையில் நாற்காலி!

கூலிக்குப் பதில் பெயர்

அந்த நாற்காலிக் கதையையும் சொல்ல வேண்டும். ஆண்டுக்குச் சில முறை பாரிஸிலும் மிலானிலும் புது உடைகளைக் காட்டும் காட்சிகள் நடக்கின்றன. யார் முதல் வரிசை, யார் மூன்றாம் வரிசை, யார் நிற்க வேண்டும் என்பதைக் கம்பெனி முடிவு செய்கிறது. நம் ஊர்ப் பந்தியில் ஆள் பார்த்து இலை போடுவதை நாம் எதிர்க்கிறோம். அங்கே அதுவே கலை என்று கொண்டாடப்படுகிறது. 2012-இல் 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் ஒருவரைப் பழைய எழுத்துக்காகச் செயின்ட் லாரன்ட் கம்பெனி தன் காட்சிக்கு அழைக்கவில்லை. மற்றவர்களுக்கு அது எச்சரிக்கை.

இந்த உள்வட்டத்துக்குள் நுழைய ஆசைப்படும் இளைஞர்கள்தான் அந்தப் பத்திரிகைகளின் உண்மையான தொழிலாளிகள். படம் எடுப்பவர், உடை தேர்பவர், முடி திருத்துபவர், இஸ்திரி போடுபவர், துணி மூட்டையைக் கார் ஏற்றி இறக்குபவர் என்று பலர். சுயேச்சைப் பத்திரிகைகள் பலவற்றில் இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. சில சமயம் கைக்காசு போட்டுத்தான் வேலையை முடிக்க வேண்டும். "உன் பெயர் அச்சாகிறதே, அதுவே கூலி" என்கிறார்கள். அந்தப் பெயரைக் காட்டிப் பின்னால் ஏதாவது கம்பெனியின் விளம்பர வேலை கிடைத்தால் உண்டு; இல்லையேல் இல்லை.

ஜூலியா மென்சிட்டியேரி என்ற மானிடவியல் ஆய்வாளர் இந்தத் தொழிலில் இருப்பவர்களோடு பழகி 2018-இல் ஒரு நூல் வெளியிட்டார். உடலில் பெரிய கம்பெனி உடை, வீட்டில் வாடகை பாக்கி என்று வாழ்பவர்களை அதில் காட்டுகிறார். கூலியைப் பணமாகத் தராமல் அந்தக் கம்பெனிக் கடையிலேயே துணி வாங்கிக்கொள்ளும் சீட்டாகத் தருவதும் உண்டு என்கிறார். தோட்டத்துக் கங்காணியின் கடைக் கணக்கு நம் பாட்டன்மார்களுக்குத் தெரியும். பாரிஸில் அதற்குப் பட்டு உறை போட்டிருக்கிறார்கள்.

நம் நூற்பாலைகளில் "அப்ரண்டிஸ்" என்று பெயர் சூட்டிக் குறைந்த கூலிக்கு முழு வேலை வாங்குவதை நாம் அறிவோம். அமெரிக்காவிலும் அதே கதைதான். கோண்டே நாஸ்ட் பத்திரிகைகளில் பயிற்சி ஆட்களாக இருந்த இருவர், மணிக்கு ஒரு டாலர்கூடத் தேறவில்லை என்று 2013-இல் வழக்குப் போட்டார்கள். கம்பெனி 2014-இல் 58 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. சுமார் 7,500 பேருக்கு உரிய தொகை அது. ஆனால் வழக்கு வந்ததுமே பயிற்சித் திட்டத்தையே கம்பெனி மூடிவிட்டது. பெரிய கம்பெனி என்பதால் பிடிக்க ஒரு கழுத்தாவது இருந்தது. "நாங்கள் நண்பர்கள் கூடி நடத்தும் சிறு பத்திரிகை" என்பவனிடம் போய் எந்தக் கழுத்தைப் பிடிப்பது?

நண்பர்கள் பத்திரிகையின் லட்சணத்துக்கு 'இன்டர்வியூ' ஓர் உதாரணம். ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1969-இல் நியூயார்க்கில் நிறுவியது. 1989-இலிருந்து பீட்டர் பிரான்ட் என்ற பெரும் செல்வரின் கம்பெனிக்குச் சொந்தம். 2018 மே மாதம் பத்திரிகையை மூடித் திவால் மனு போட்டார்கள். எழுதியவர்களும் படம் எடுத்தவர்களும் பாக்கிக்காகக் காத்து நின்றார்கள். ஆசிரியப் பொறுப்பில் இருந்தவரே, தனக்கும் மனைவிக்கும் சேர்த்து 6 லட்சம் டாலருக்கு மேல் வர வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போனார். சில மாதங்களில் பத்திரிகை மறுபடி வெளிவந்தது. அதை எடுத்தது பிரான்டின் மகளோடு தொடர்புள்ள ஒரு புதுக் கம்பெனி! மில்லை மூடிவிட்டுப் பெயர்ப்பலகையை மாற்றித் திறக்கும் வித்தையைக் கோயம்புத்தூர்த் தொழிலாளிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இதன் விளைவு என்ன? சம்பளம் இல்லாமல் லண்டனில் இரண்டு வருஷம் வாடகை கொடுத்துக் காத்திருக்க யாரால் முடியும்? தகப்பன் பணம் அனுப்பும் பிள்ளையால் முடியும். பஸ் டிரைவர் மகளால் முடியாது. கானாவிலிருந்து குடியேறிய தையல்காரத் தாயின் மகன் எட்வர்ட் எனின்ஃபுல் 18 வயதில் 'ஐ-டி'யில் சேர்ந்து 2017-இல் பிரிட்டிஷ் 'வோக்'கின் ஆசிரியரானார் என்று நம்மிடம் சொல்வார்கள். அது அவருடைய திறமைக்குப் பெருமை. ஆனால் கதவில் ஒருவர் நுழைந்த கதையைச் சொல்லி, வாசலில் கூலியில்லாமல் நிற்பவர்களை வாயடைப்பதுதான் நமக்கு ஆட்சேபம்.

பக்கத்தில் தெரியாத கைகள்

படம் எடுத்தவர் பெயர் அச்சாகிறது. முடி வாரியவர் பெயரும் அச்சாகிறது. பையைத் தைத்தவர் பெயர் எங்கே?

2024 ஜூன் மாதம் இத்தாலியின் மிலான் கோர்ட், டியோர் கம்பெனியின் ஒரு உற்பத்திக் கிளையைத் தன் மேற்பார்வையில் வைத்தது. துணைக் காண்டிராக்ட் பட்டறைகளில் தொழிலாளர்கள் வேலை இடத்திலேயே தூங்கினார்கள். இரவிலும் விடுமுறை நாளிலும் மிஷின் ஓடியது. வேகமாக ஓடுவதற்காக மிஷினின் பாதுகாப்புச் சாதனங்களைக் கழற்றியிருந்தார்கள். கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு பைக்கு, தோல் முதலிய சாமான் நீங்கலாக, பட்டறைக்குக் கிடைத்தது 53 யூரோ! கம்பெனி திருத்திக்கொண்டது என்று 2025 பிப்ரவரியில் மேற்பார்வையை விலக்கிக்கொண்டார்கள். இதைக் கண்டுபிடித்தது வழவழப்பான பத்திரிகை அல்ல. இத்தாலியப் போலீசும் கோர்ட்டும்தான்.

நம் திண்டுக்கல் மாவட்டத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. அயல்நாட்டுக் கம்பெனிகளுக்கு உடை தைத்த ஆலையில் வேலை செய்த ஒரு இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். பெண்கள் தலைமையிலான ஒரு ஜவுளித் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ஆலை முதலாளியும் எச் அண்டு எம் கம்பெனியும் பெண் தொழிலாளர்களின் பாதுகாப்புக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சந்தா ரசீதும் வாயிற்கூட்டமும் செய்ததை எந்த அட்டைப்படமும் செய்யவில்லை.

நாம் அழகுக்கு விரோதிகள் அல்ல. திருநாளுக்கு நல்ல உடை வேண்டும் என்று தொழிலாளிக்கும் ஆசை உண்டு. அந்த உரிமைக்காகவும்தான் போனஸ் கேட்கிறோம். நல்ல படம், நல்ல தையல், நல்ல அச்சு எல்லாம் உழைப்பின் பிள்ளைகள். அவற்றை மதிக்கிறோம். அதனால்தான் கேட்கிறோம்: வேலை செய்தவருக்குப் பணமாகக் கூலி கொடு. எந்தப் படம் கம்பெனி நிபந்தனையில் எடுத்தது என்று அந்தப் பக்கத்திலேயே அச்சிடு. உடையின் விலையைப் போடும் இடத்தில் தைத்தவரின் கூலியையும் போடு. இந்த மூன்றையும் செய்கிற பத்திரிகையைச் சுயேச்சை என்று அழைக்க நாம் தயார்.

ஃபாஷன் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் சொல்லுவோம். கூலியில்லாத வேலைக்கு "வாய்ப்பு" என்று பெயர் வைத்து யார் அழைத்தாலும், எத்தனை மணி நேரம், என்ன சம்பளம், யார் தருவது என்று முதலில் கேள். எழுத்தில் வாங்கு. தனியாகக் கேட்டால் "இவன் நம் வட்டம் இல்லை" என்பார்கள். நாலு பேர் சேர்ந்து கேளுங்கள்.