கொட்டகை உடையும்போது எங்கே இருந்தீர்கள்?

செமோர் தோட்டங்களில் பால்மரம் சீவிய கைதான் மாட்டுக்குப் புல்லும் அறுத்தது. தோட்டம் விற்கப்பட்டபோது லயத்தோடு மாட்டுக் கொட்டகையும் போனது. அன்று எந்த விலங்குரிமை அமைப்பும் நம் பக்கம் நின்றதாக நினைவில்லை.

அதனால்தான் 2014-இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது, வழக்காடிய பீட்டா மீது நமக்கும் கோபம் வந்தது. 2017 மெரினா போராட்டம் சட்டத்தையே மாற்றியது. 2023 மே 18-இல் நீதிமன்றமும் அதை ஏற்றது.

ஆனாலும் காளையின் வாலை முறுக்கியதும் கண்ணில் மிளகாய்ப்பொடி தூவியதும் பொய்யென்று சொல்ல முடியுமா? கேட்டவர்களை இனத்துரோகி என்பது வெறும் வாய்ச்சவடால்.

நம் நாட்டிலும் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இருக்கிறது. அடுத்த கொட்டகைக்கு வெளியேற்ற நோட்டீஸ் வந்தால், அந்த அமைப்புகளையும் கூப்பிடுங்கள். வருகிறார்களா, பார்ப்போம்.