அஸ்பிரினும் ராசிபலனும்

கறுவா, கருஞ்சீரகம், பாகற்காய்ச் சாறு என்று ஏதாவது ஒன்றைப் பற்றிய செய்தியை வெட்டிக்கொண்டு வந்து, “டொக்டர், ஆய்விலேயே நிரூபிச்சிருக்கினம்” என்று காட்டுபவர்கள் பலர். காட்டுவதோடு நின்றால் பரவாயில்லை. சிலர் நீரிழிவுக் குளிசையை நிறுத்திவிட்டுத்தான் வருகிறார்கள்.

இத்தகைய செய்திகளில் ‘புள்ளிவிபர ரீதியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம்’ என்றொரு சொற்றொடர் இருக்கும். ஒரு நாணயத்தை ஐந்து தடவை சுண்டி, ஐந்தும் தலையாகவே விழுந்தால் நாணயத்தில் சந்தேகம் வரும். நல்ல நாணயத்தில் இது நடக்க 32இல் ஒரு வாய்ப்பு, ஏறத்தாழ 3 வீதம். ஆய்வாளரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்: மருந்தில் ஒன்றுமே இல்லையென்றால், இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு? 5 வீதத்திலும் குறைவென்றால் ‘குறிப்பிடத்தக்கது’ என்று எழுதுவது வழக்கம். மருந்து வேலைசெய்ய 95 வீத வாய்ப்பு என்பது இதன் பொருளல்ல. பலன் பெரியது என்பதும் அல்ல.

ஆனால் எங்கள் தமிழ்ப் பள்ளியில் 32 பிள்ளைகள் சுண்டினால், யாரோ ஒரு பிள்ளைக்கு ஐந்தும் தலையாக விழுவது அதிசயமில்லை. அந்தப் பிள்ளையின் படத்தை மட்டும் பத்திரிகையில் போட்டால்?

1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், மாரடைப்புச் சந்தேகத்துடன் வந்த 17,187 பேர் பங்குகொண்டார்கள். ஐந்து வாரத்தில் இதய, இரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள் அஸ்பிரின் எடுத்தோரில் 9.4 வீதம், வெறுங்குளிசை எடுத்தோரில் 11.8 வீதம். மருந்தில் ஒன்றுமில்லையென்றால் இந்த வித்தியாசம் வர இலட்சத்தில் ஒரு வாய்ப்புக்கூட இல்லை. பிறகு, ஆட்களைக் கூறு கூறாகப் பிரித்துப் பார்ப்பதன் ஆபத்தைக் காட்டவென்றே, ஆய்வாளர்கள் அவர்களை ராசிப்படி பிரித்தார்கள் (மேல்நாட்டு முறை, எங்கள் நட்சத்திரக் கணக்கு அல்ல). மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு அஸ்பிரின் சற்றுக் கெடுதல் செய்ததுபோலத் தெரிந்தது! அதற்காக மாரடைப்பு வந்த மிதுன ராசிக்காரருக்கு அஸ்பிரினைக் கொடுக்காமல் விடும் வைத்தியர் எவருமில்லை. (மாரடைப்பு வராதவர்கள் தாமாகவே தினமும் அஸ்பிரின் எடுப்பது வேறு கதை. அதில் இரத்தக்கசிவு ஆபத்து உண்டு.)

ராசி என்றதும் சிரிக்கிறோம். அதையே ‘55 வயதுக்கு மேற்பட்ட தெற்காசியப் பெண்களுக்கு மட்டும் பலன்’ என்று போட்டால் நம்பிவிடுகிறோம். எங்கள் சமூகத்தில் நீரிழிவு அதிகம்தான், எங்களைத் தனியாக ஆராயவும் வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியை ஆய்வு தொடங்குமுன்பே எழுதி வைத்தார்களா, அல்லது எல்லாம் முடிந்தபின் தேடிப் பிடித்தார்களா? பத்திரிகைச் செய்தியில் பெரும்பாலும் இது இராது. மூல ஆய்வில் இருக்கும். துண்டை உங்கள் குடும்ப வைத்தியரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். அதுவரை குளிசையை நிறுத்த வேண்டாம்.